விண்மீனைப் பார்த்துக் கோளைச் சொல்லலாமா?

“ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்பது நம் வீடுகளில் அன்றாடம் கேட்கும் பழமொழி. பானையிலுள்ள சோறு முழுவதையும் பிசைந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் போதும் என்பது அதன் பொருள். இந்தப் பழமொழியை விண்வெளிக்கும் கொண்டு போகலாமா, கூடாதா என்று சென்ற கோடை விடுமுறையில் எங்களுக்குள் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. அவ்வழக்கில் நாங்கள் முடிவாகக் கொண்ட கருத்தை ஆண்டு மலரின் வாயிலாகத் தோழியர் முன் வைக்க விரும்புகிறோம். விளையாட்டுப் பேச்சுத்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வழக்கு விளையாட்டில் தொடங்கியது உண்மை; ஆனால் அதோடு நிற்கவில்லை.

பதினொன்றாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் நால்வர். எங்களுள் ஒருத்தியின் அண்ணன் கல்லூரியில் படிக்கிறார். அவருடைய கணிப்பொறியில் ‘எலைட் டேஞ்சரஸ்’ என்னும் விண்வெளி ஆட்டம் இருக்கிறது. 1984-ஆம் ஆண்டில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ‘எலைட்’ என்றோர் ஆட்டத்தைப் படைத்தார்கள். அதன் வழித்தோன்றலாக, பிரேபனின் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது இந்த ஆட்டம். நம் பால்வீதி மண்டலம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள்! அவற்றுள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவை வானியலார் உண்மையாகவே கண்டு பட்டியலிட்டவை. எஞ்சியவற்றை ‘ஸ்டெல்லார் ஃபோர்ஜ்’ என்னும் கணக்கு முறை, இயற்பியல் விதிகளைக் கொண்டு தானே வார்த்தெடுக்கிறது. இதில் சண்டை உண்டு, வாணிகம் உண்டு. எங்களுக்கு அவற்றில் நாட்டமில்லை. யாரும் போகாத விண்மீனுக்குப் போய், அதைச் சுற்றும் கோள்களைக் கண்டு, விவரங்களை விண்வெளி நிலையத்தில் விற்கும் தேட்டப் பணிதான் எங்களுக்குப் பிடித்தது. முதலில் கண்டவர் பெயர் அந்தக் கோளின் மேல் பொறிக்கப்படும். பிறகு அங்கே வரும் எவரும் அப்பெயரைக் காண்பார்கள். ஆசை பிறக்காதா?

இங்கேதான் வழக்கு. கப்பல் ஒரு விண்மீனின் முன் போய் நின்றதும் அதன் எழுத்து தெரிந்துவிடும்: ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். ‘ஓ’ என்றால் 30,000 பாகைக்கு மேல் கொதிக்கும் நீல மீன். ‘ஜி’ நம் சூரியனின் இனம். மேற்பரப்பு வெப்பம் சற்றேறக்குறைய 5,800 பாகை. ‘எம்’ என்றால் 3,700 பாகைக்கும் கீழான செங்குறுமீன். அனுபவப்பட்ட ஆட்டக்காரர்கள் இந்த எழுத்தைப் பார்த்தவுடனே அங்கே எவ்வகைக் கோள் இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். “எஃப், ஜி, கே மூன்றில் பூமியை ஒத்த உலகம் தேடு, எம் வந்தால் எரிபொருளை நிரப்பிக்கொண்டு நடையைக் கட்டு” என்பது அவர்களுடைய சூத்திரம். இன்னும் கைதேர்ந்தவர்கள் விண்மீனிடம் போகக்கூட மாட்டார்கள். ஆட்டம் வைத்திருக்கும் நீண்ட பெயர்களின் இறுதியில் ஏ முதல் எச் வரை ஒரு சிறிய எழுத்து வரும். அது அந்தக் குடும்பத்தின் நிறையைக் குறிப்பது. அதைப் பார்த்தே, “இது டி வரிசை, போகலாம், இது ஏ வரிசை, வேண்டாம்” என்று வீட்டிலிருந்தபடியே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அண்ணனும் அந்தப் பள்ளியைச் சேர்ந்தவர்தாம்.

(“இந்த நட்சத்திரத்துக்கு நல்ல கிரகம் அமையாது” என்று அண்ணன் ஒருநாள் உரக்கச் சொன்னதைக் கேட்ட பாட்டி, அடுக்களையிலிருந்து ஓடிவந்து, “யாருக்குடா ஜாதகம் பார்க்கிறே?” என்று கேட்டார். அன்று முழுவதும் ஆட்டம் நடக்கவில்லை, சிரிப்புத்தான் நடந்தது.)

அண்ணனின் சூத்திரம் மூடநம்பிக்கை அன்று. அதற்கு அடிப்படை உண்டு. அதை ஒப்புக்கொண்ட பிறகே எங்கள் மறுப்பைச் சொல்வது முறை. விண்மீனும் அதன் கோள்களும் ஒரே வாயு மேகத்திலிருந்து பிறந்தவை. ஆகவே பானை ஒன்றுதான். நடுவில் அடுப்பு எரிகிறது. அதன் அருகே பாறையும் இரும்பும் மட்டுமே திரண்டு நிற்கும். தொலைவில் நீர் உறைந்து பனிக்கட்டியாகும். அங்கே பெரிய கோள்கள் பருப்பதற்கு வேண்டிய பொருள் மிகுதி. நம் சூரியனுக்கு அந்த எல்லை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே விழுந்தது என்பர். அடுப்பின் அனல் கூடினால் எல்லை தள்ளிப் போகும். குறைந்தால் நெருங்கி வரும். நீர் நீராகவே இருக்கத்தக்க இடமும் இப்படியே நகரும். அன்றியும், பெரிய நீல மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரிந்து முடிந்துவிடும். நம் சூரியனோ ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு வாழும். நீல மீனைச் சுற்றும் கோளில் புல் முளைக்கக்கூட நேரம் போதாது. எனவே விண்மீனின் எழுத்து பல செய்திகளைச் சொல்கிறது என்பதில் ஐயமில்லை.

அந்த எழுத்துகள் வந்த கதையும் நாம் அறியத்தக்கது. விண்மீன் ஒளியைப் பிரித்து, ஒளிப்பட்டையை வைத்து அவற்றை இனம் பிரித்த முன்னோடி ஏஞ்சலோ செக்கி என்னும் இயேசு சபைக் குருவானவர். 1860-களில் உரோமைக் கல்லூரியின் வானாய்வு நிலையத்திலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட விண்மீன்களை அவர் இவ்வாறு ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில் ஆனி ஜம்ப் கேனன் என்ற அம்மையார் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வரிசையை நிலைநிறுத்தினார். காது சரிவரக் கேளாத அவர், தம் வாழ்நாளில் மூன்றரை லட்சம் விண்மீன்களின் ஒளிப்பட்டைகளைத் தம் கண்ணால் பார்த்து வகை செய்தார். மூன்றரை லட்சம்! ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிவிட்டு அவர் எழுந்து போகவில்லை என்பதைத் தோழியர் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறோம். ஒரு நாள் மாலை கப்பல் ஒரு செங்குறுமீனின் முன் போய் நின்றது. எங்களுக்கு முன் அங்கே எவரும் வந்த அடையாளம் இல்லை. எங்களுள் இருவர், “அண்ணா, ஒரே ஒரு முறை கோள்களைத் துழாவிப் பார்ப்போமே” என்று கேட்டோம். அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு வகைக் கோளுக்கும் கருவி தனித்தனி ஓசை எழுப்பும். அதைக் கேட்பதற்கே எங்களுக்கு ஆசை. “எம் வகையிலா? காற்றில்லாத பாறையும் பனிக்கட்டியுமாக இருக்கும். நேரத்தை வீணாக்காதீர்கள்” என்றார் அண்ணன். மற்ற இருவரும் அவர் கட்சி. எரிபொருளை நிரப்பிக்கொண்டு போய்விட்டோம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பும் வழியில் மீண்டும் அதே விண்மீன். இம்முறை வேறு வேலை இல்லாததால் கருவியை இயக்கினார். விண்மீனை ஒட்டிய சிறு வட்டத்தில், நீலமும் வெண்மையுமாக, பூமியை ஒத்த ஓர் உலகம்! விண்மீனின் மேல் அண்ணன் பெயர் இருந்தது. அந்த உலகத்தின் மேல் முகமறியாத வேறொருவர் பெயர் இருந்தது. அண்ணன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “விதிவிலக்கு” என்றார்.

விதிவிலக்குத்தானா? எங்கள் வழக்கு உண்மையில் அன்றுதான் சூடு பிடித்தது. அண்ணன் தம் நோட்டைக் கொண்டு வந்தார். அவர் கண்ட பூமியொத்த உலகங்கள் எல்லாம் அதில் தேதியோடு எழுதப்பட்டிருந்தன. பெரும்பாலானவற்றின் எதிரே எஃப், ஜி என்ற எழுத்துகளே. “பார்த்தீர்களா?” என்றார். நாங்கள் ஒன்றே ஒன்று கேட்டோம்: “அண்ணா, நீங்கள் துழாவிப் பார்த்த செங்குறுமீன்கள் எத்தனை?” நோட்டில் அதற்குப் பத்தியே இல்லை. பார்க்காமல் கடந்து போனவற்றை யார் எழுதி வைப்பார்கள்?

தோழியரே, நாங்கள் சொல்ல வந்த செய்தி இதுதான். எங்கே தேட வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த சூத்திரத்தை, தேடிக் கண்டவற்றைக் கொண்டே மெய்ப்பிக்க முடியாது. குளத்தின் கிழக்குக் கரையில் மட்டும் தூண்டில் போட்டவன் பிடித்த மீனெல்லாம் கிழக்குக் கரை மீன்தானே? அவன் கூடையைக் காட்டி மேற்குக் கரையில் மீனில்லை என்று வாதாடினால் யார் ஏற்பார்கள்? ஆயிரம் ஆட்டக்காரர்கள் எஃப் வகைக்கே போனால், ஆயிரம் நோட்டுகளிலும் எஃப் என்றே இருக்கும். பிறகு அந்த ஆயிரம் நோட்டுகளைப் பார்த்து ஆயிரத்தோராவது ஆளும் எஃப் வகைக்கே போவான்.

அண்ணன் எளிதில் விடவில்லை. நல்ல சான்றொன்றைக் கொண்டு வந்தார். 2017 பிப்ரவரியில், சுமார் 40 ஒளியாண்டு தொலைவிலுள்ள டிராப்பிஸ்ட்-1 என்னும் மங்கிய செங்குறுமீனைச் சுற்றி ஏழு பாறைக் கோள்கள் இருப்பதாக அறிவியலார் அறிவித்தார்கள். அப்போது பார்த்தால், ஆட்டத்தின் கணக்கு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் ஏழு கோள்களோடு ஒரு மங்கிய மீனை முன்னரே வார்த்து வைத்திருந்ததாம்! ஆட்டத்தை ஆக்கியவர்கள் அதற்கே டிராப்பிஸ்ட்-1 என்று பெயர் சூட்டினார்கள். “விதி சரியாக இல்லாவிட்டால் இது எப்படி?” என்பது அண்ணனின் வாதம்.

வியப்பான செய்திதான்; மறுக்கவில்லை. ஆனால் 40,000 கோடி அம்பு எய்தவன் ஓர் அம்பு தைத்ததைக் காட்டினால், மற்ற அம்புகளையும் கேட்க வேண்டாமா? மேலும் அந்தச் சான்றே அண்ணனுக்கு எதிராகவும் நிற்கிறது. டிராப்பிஸ்ட்-1 எந்த எழுத்து? எம். “எரிபொருளை நிரப்பிக்கொண்டு நடையைக் கட்டு” என்ற அதே எழுத்து.

ஆட்டத்திலாவது விதி ஓரளவு பலிக்கிறது. விதியை அறிந்த மனிதர்களே அதை உள்ளே வைத்து அந்த வானத்தைச் சமைத்தார்கள். அவர்கள் போட்ட உப்புத்தான் நாவில் படும். மெய்யான வானத்துக்கு நம் சூத்திரத்தைக் கேட்டு நடக்க வேண்டிய கடமை இல்லை. இதை அறிவியலாரே பட்டுத்தான் அறிந்தார்கள்.

வியாழனைப் போன்ற பெரிய கோள்கள் விண்மீனிலிருந்து எட்டத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். நம் சூரிய குடும்பம் அப்படி இருந்ததால் எல்லாம் அப்படித்தான் என்று கொண்டார்கள். அங்கும் ஒரு சோற்றுப் பதம்தான்! 1952-இல் ஆட்டோ ஸ்ட்ரூவே என்ற வானியலார், பெரிய கோள் ஒன்று விண்மீனை மிக நெருங்கிச் சில நாளில் சுற்றிவரவும் கூடும், அப்படியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் கூடும் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். அதைத் தேடிப் புறப்பட்டவர் அரியர். 43 ஆண்டுகள் உருண்டன. 1995-இல் மிஷேல் மேயரும் திதியே கெலோவும் 51 பெகாசி என்ற, நம் சூரியனையொத்த விண்மீனின் அருகே அப்படியே ஒரு கோளைக் கண்டார்கள். அதன் ஆண்டு நான்கே நாள் சொச்சம்! அதற்காக 2019-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கும் மூன்றாண்டு முன்னால் நடந்தது இதைவிட விந்தை. வெடித்துச் செத்த விண்மீனின் எச்சமாகிய பல்சர் ஒன்றைச் சுற்றிக் கோள்கள் உள்ளன என்று 1992-இல் வோல்ஸ்சானும் ஃப்ரெய்லும் மெய்ப்பித்தார்கள். சுடுகாட்டில் தொட்டில் ஆடுவதாக யார் ஊகித்திருப்பார்கள்? 2019-இல் ஜிஜே 3512 என்ற மிகச் சிறிய செங்குறுமீனைச் சுற்றி, அதற்குச் சற்றும் பொருந்தாத பெரிய வாயுக் கோள் ஒன்று அகப்பட்டது. அவ்வளவு சிறிய அடுப்பில் அவ்வளவு பெரிய பண்டம் வெந்தது எப்படி என்று கோட்பாடு வகுப்போர் திகைத்தார்கள். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி கண்ட கோள்களுள் மிகுதியானவை பூமியைவிடப் பெரியவை, நெப்டியூனைவிடச் சிறியவை. அந்த அளவில் நம் சூரிய குடும்பத்தில் ஒரு கோள்கூடக் கிடையாது.

அப்படியானால் விண்மீனைப் பார்த்துக் கோளைச் சொல்லவே கூடாதா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. 2005-இல் டெப்ரா ஃபிஷர் என்ற அம்மையாரும் ஜெஃப் வாலண்டியும் ஒரு விதியை உறுதி செய்தார்கள். இரும்பு முதலிய கனமான தனிமங்கள் மிகுந்த விண்மீன்களைச் சுற்றியே பெரிய கோள்கள் அதிகம் காணப்படுகின்றன என்பது அது. (வானியலார் ஹைட்ரஜன், ஹீலியம் இரண்டையும் தவிர்த்த எல்லாவற்றையும் ‘உலோகம்’ என்றே சொல்வார்கள். ஆக்சிஜனும் அவர்களுக்கு உலோகம்! வேதியியல் தேர்வில் இப்படி எழுதிவிடாதீர்கள்.) இதுவும் விண்மீனைக் கொண்டு கோளைச் சொல்லும் விதிதான். ஆனால் அவர்கள் கோள் அகப்பட்ட விண்மீன்களை மட்டும் எண்ணவில்லை. ஒரே முறையில் தேடியும் கோள் அகப்படாத நூற்றுக்கணக்கான விண்மீன்களையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். அண்ணனின் நோட்டில் இல்லாத அந்தப் பத்தி அவர்களிடம் இருந்தது.

இன்னும் ஒருவரைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. சிசிலியா பெய்ன் என்ற இங்கிலாந்துப் பெண் 1925-இல், தமக்கு இருபத்தைந்து வயதான ஆண்டில், ஹார்வர்டில் ஆய்வேடு அளித்தார். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று அவருடைய கணக்கு காட்டியது. அக்காலத்துப் பெரியவர்களோ, சூரியன் பூமியைப் போன்ற பொருள்களால் ஆனதே என்று உறுதியாக நம்பியிருந்தார்கள். புகழ்பெற்ற ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், இது நடவாத காரியம் என்று கூறிவிட்டார். எனவே தம் கண் கண்ட முடிவையே, ‘இது உண்மையாக இருக்க இயலாது’ என்ற பொருள்பட அந்த ஆய்வேட்டில் அவர் எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார். பெய்ன் முன்பே கண்டதைத் தம் கட்டுரையில் குறிப்பிடவும் செய்தார். இந்த வரலாற்றை எங்களுக்குச் சொன்ன இயற்பியல் ஆசிரியை, “அவர் கணக்கில் பிழையில்லை, கேட்டவர்களின் எதிர்பார்ப்பில்தான் பிழை” என்றார். எங்கள் நால்வருக்கும் அன்று மனத்தில் கோபமும் பெருமையும் கலந்து நின்றன.

எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது என்பதையும் அறிவோம். 40,000 கோடியை யார் பார்ப்பது? வினாடிக்கு ஒன்றாகப் பார்த்தாலும் 12,000 ஆண்டுகளுக்கு மேலாகும். எங்களுக்கோ மே மாதம் முடிந்தால் பள்ளி திறந்துவிடும். மெய்யான வானியலாருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் ஒரு மணி நேரம் கிடைப்பது எத்தனை அரிது! ஆகவே ஊகம் வேண்டும். ஊகம் இல்லாமல் புறப்படுகிறவன் திசை தெரியாத கப்பலில் ஏறியவன். ஆனால் ஊகம் நம்மை வாசல் வரையில்தான் கொண்டு போய்விட வேண்டும். கதவைத் திறப்பதைத் தடுக்கக் கூடாது. டிராப்பிஸ்ட்-1 குடும்பத்தின் முதற்கோளில் காற்று மண்டலம் இருக்குமா, இராதா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 2023-இல் வெப் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்தது. விண்மீனை நோக்கிய பக்கத்தில் சுமார் 230 பாகை செல்சியஸ். காற்று இருப்பதற்கான அறிகுறி இல்லை. செங்குறுமீனை நம்பியவர்களுக்கு ஏமாற்றந்தான். ஆயினும் அது பார்த்து அடைந்த ஏமாற்றம். அண்ணன் பார்க்காமலே அடைந்த நிச்சயத்தைவிட அதுவே எங்களுக்கு மேலாகப் படுகிறது.

அண்ணனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறோம். நல்ல எழுத்துள்ள விண்மீன்களுக்கு அவர் விருப்பம்போலப் போகலாம். ஆனால் ஒவ்வொரு பத்தாவது தாவலிலும் எழுத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே உள்ள கோள் அத்தனையையும் துழாவியே ஆக வேண்டும். அதற்கென்று புதிய நோட்டு ஒன்று வாங்கி நான்கு பத்திகள் கோடிட்டு வைத்திருக்கிறோம்: விண்மீனின் எழுத்து, முன்கூட்டிய ஊகம், கண்டது, காணாதது. ஊகத்தைப் பார்ப்பதற்கு முன்பே மையினால் எழுதிவிட வேண்டும். பின்னால் அழிக்கக் கூடாது. “கடைசிப் பத்தி எதற்கு? காணாததை எழுதி என்ன பயன்?” என்று அண்ணன் இன்னமும் முணுமுணுக்கிறார். முதல் வரியில் அந்தச் செங்குறுமீனை நாங்களே எழுதி வைத்துவிட்டோம்; ஊகம் என்ற பத்தியில் அவர் சொன்னதை அவர் கையாலேயே எழுதச் சொல்லியிருக்கிறோம்.